எக்சைமர் லேசர்: திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம், தென்காசி என்று நாலா பக்கத்திலிருந்தும் கண் காட்ட வருகிறவர்களுக்குப் பார்வை அளந்து பார்ப்பது என் வேலை. கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று வரும் பிள்ளைகள், கூடவே பயந்துகொண்டு வரும் அம்மா அப்பா, தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டி "இதுவும் அதே லேசர்தானா?" என்று கேட்பவர்கள், சிப் தொழிற்சாலை வேலைக்குப் படிக்கிற மாணவர்கள் எனப் பலரும் சுற்றிச் சுற்றி ஒரே பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நின்று பேச நேரம் கிடைக்காத நாட்களில் பாதிப் பதிலோடு அனுப்பிவைப்பது மனதை உறுத்துகிறது. அதனால் முழுப் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கண்ணில் லேசர் என்றாலே எக்சைமர் லேசர்தானா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. "எங்க ஆச்சிக்கு லேசர் வச்சாங்க" என்று பேரன் சொல்வான். விசாரித்தால் ஆச்சிக்கு நடந்தது கண்புரை ஆபரேஷனாக இருக்கும். அதில் புரையை உடைத்து உறிஞ்சுவது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் அதிர்வு, லேசரே இல்லை. புரை எடுத்துச் சில வருடம் கழித்து, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கினால் அதில் ஓட்டை போடுவது யாக் லேசர். அது 1064 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி. சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தம் கசிந்தால் பச்சை லேசரால் சூடு வைப்பார்கள், அது 532 நானோமீட்டர். கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்யும் லாசிக் ஆபரேஷனில் கருவிழியின் மேல் மெல்லிய மூடியை வெட்டும் ஃபெம்டோசெகண்ட் லேசரும் அகச்சிவப்புதான்.

கண்ணில் எக்சைமர் செய்யும் முக்கிய வேலை: கருவிழியின் வளைவைச் செதுக்கிப் பவரை மாற்றுவது. அதன் அலைநீளம் 193 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. லேசர் எழுதிக்கொடுத்தால் எந்த லேசர், எதற்கு என்று கேளுங்கள். அலைநீளம் மாறினால் ஒளி செய்யும் காரியமே வேறாகிவிடும்.

எக்சைமர் என்பது என்ன? பொருளா, வாயுவா?

வாயுக்கலவை. ஆர்கான், கிரிப்டான், செனான் போன்ற மந்த வாயுக்கள் யாரோடும் சேராதவை என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். சாதாரண நிலையில் அது சரி. ஆனால் உயர் மின்னழுத்தத்தில் ஒரு மின்பொறியைப் பாய்ச்சினால் அவை கிளர்ச்சியடைந்து, பக்கத்தில் இருக்கும் ஃபுளூரின் அல்லது குளோரினோடு கண நேரம் ஒட்டிக்கொள்ளும். ஆர்கான் ஃபுளூரைடு அப்படிப் பிறப்பதுதான். அதன் ஆயுள் சில நானோசெகண்டுதான், அதாவது விநாடியில் நூறு கோடியில் சில பங்கு. கிளர்ச்சி அடங்கும்போது சேர்த்து வைத்திருந்த ஆற்றலைப் புற ஊதா ஒளியாக உமிழ்ந்துவிட்டு இரண்டு அணுவும் பிரிந்துவிடும்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. லேசர் வேலை செய்ய, கீழ்நிலையில் இருக்கும் மூலக்கூறுகளைவிடக் கிளர்ச்சி நிலையில் இருப்பவை அதிகமாக இருக்க வேண்டும். மற்ற லேசர்களில் இதற்காகப் பெரும் பாடுபட வேண்டும். எக்சைமரில் கீழ்நிலை மூலக்கூறு என்று ஒன்று நிற்பதே இல்லை, உடனே பிரிந்துவிடுகிறது. அதனால் ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு ஜோடியும் லாபம்தான்.

கலவையை மாற்றினால் அலைநீளம் மாறும். ஆர்கான் ஃபுளூரைடு 193 நானோமீட்டர். கிரிப்டான் ஃபுளூரைடு 248. செனான் குளோரைடு 308. செனான் ஃபுளூரைடு 351. கீழே வரும் பதில்களில் இந்த எண்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதல் எக்சைமர் லேசரை 1970-ல் மாஸ்கோவில் நிக்கொலாய் பாசவும் அவருடைய குழுவினரும் திரவ செனானை வைத்துச் செய்தார்கள். லேசருக்கு அடிப்படை போட்டதற்காக 1964-லேயே நோபல் பரிசு பெற்றவர் பாசவ். மந்த வாயுவோடு ஃபுளூரின், குளோரின் போன்ற ஹாலஜனைச் சேர்க்கும் இன்றைய வகைகள் 1970-களின் நடுவில் வந்தன.

கண்ணைச் சுட்டுவிடாதா?

சுடாது. இந்த ஒளியின் தனிச்சிறப்பே அதுதான்.

193 நானோமீட்டர் ஒளியின் ஒரு துகளில் சுமார் 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. பச்சை லேசரில் 2.3 தான். நம் உடலின் புரதங்களில் கார்பனையும் நைட்ரஜனையும் பிணைத்து வைத்திருக்கும் பிணைப்பை அறுக்க 6.4 தாராளமாகப் போதும். பச்சை ஒளி திசுவைச் சூடாக்கும், 193 பிணைப்பையே அறுத்துவிடும். பத்தமடைப் பாய்க்குத் தீ வைக்காமல் பாவு நூலை மட்டும் அறுத்துக்கொண்டே போனால் கோரை தானாக உதிரும் அல்லவா, அப்படி. பிணைப்பு அறுந்த துணுக்குகள் வெப்பத்தையும் தங்களோடு எடுத்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. இந்த ஒளி துடிப்புத் துடிப்பாக விட்டு விட்டு வரும், ஒரு துடிப்பு நீடிப்பது பத்து இருபது நானோசெகண்ட். பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவ நேரமே இல்லை. ஒரு துடிப்பில் போகும் ஆழம் சுமார் கால் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்).

இதைக் கண்டுபிடித்தவர் நம்மவர் என்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-ல் இளங்கலையும் 1950-ல் முதுகலையும் முடித்து அமெரிக்கா போனவர் ரங்கசாமி சீனிவாசன். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக்கின் மேல் எக்சைமர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1981 நவம்பரில், அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழிக் கறியின் எலும்பையும் குருத்தெலும்பையும் கூடத்துக்கு எடுத்துவந்து அதில் 193 நானோமீட்டர் ஒளியை விட்டார். வெட்டு சுத்தமாக விழுந்தது. பக்கத்தில் கருகல் இல்லை. உடன் வேலை செய்த ஜேம்ஸ் வின் அதே கறியைப் பச்சை லேசரால் வெட்டியபோது ஓரமெல்லாம் கருகியிருந்தது. அந்த இரண்டு வெட்டுக்கும் இடையே தெரிந்த வித்தியாசத்திலிருந்துதான் இன்றைய லாசிக் பிறந்தது. 1983-ல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் சீனிவாசனோடு சேர்ந்து இதைக் கருவிழியில் முயன்று பார்த்துக் கட்டுரை வெளியிட்டார். 1988-ல் மார்கரெட் மெக்டொனால்ட், பார்வை இருக்கும் மனிதக் கண்ணில் முதன்முதலாகச் செய்தார். சீனிவாசன், வின், சாமுவேல் பிளம் மூவருக்கும் 2013 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார். நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

ஆபரேஷனின்போது முடி கருகுவது போல ஒரு வாடை வரும். பலர் அதில்தான் பயந்துவிடுகிறார்கள். உதிர்ந்த புரதத் துணுக்குகளின் வாடை அது. கண் எரிவதில்லை.

புற ஊதா ஒளி புற்றுநோய் உண்டாக்கும் என்கிறார்களே?

நியாயமான கேள்வி. வெயிலில் வரும் புற ஊதாக் கதிர் தோலுக்குள் இறங்கி டிஎன்ஏவைத் தொடும். 193 அவ்வளவு தூரம் போவதே இல்லை. மேலே கிடக்கும் புரதமே அதை முழுக்க விழுங்கிவிடுவதால் செல்லின் உட்கருவை எட்டுவது அபூர்வம். விழி லென்ஸுக்கோ விழித்திரைக்கோ அது போய்ச் சேராது. தோலுக்குப் பயன்படும் 308 அப்படி இல்லை, அது உள்ளே இறங்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எனக்குச் செய்யலாமா, கூடாதா? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

அளவுகளை வைத்து. ஆசையை வைத்து அல்ல. கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டு, அதற்குள் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். பவர் ஒரு வருடமாகவாவது அரை டயாப்டருக்கு (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) மேல் மாறாமல் நிலையாக இருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டைத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.

அப்புறம் கணக்கு. கிட்டப்பார்வையைச் சரிசெய்யக் கருவிழியின் நடுவில் எவ்வளவு ஆழம் செதுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் மைக்ரானில் ஆழம் கிடைக்கும். வட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான். இன்றைய கருவிகள் ஓரங்களை நயமாக்குவதற்காக இதைவிடக் கொஞ்சம் கூடவே எடுக்கும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பவர் மைனஸ் 4, கருவிழித் தடிமன் 540 மைக்ரான். மூடி 110 மைக்ரான், செதுக்குவது 48. மூடிக்குக் கீழே மிஞ்சுவது 382. தொட்ட பகுதி மொத்தத் தடிமனில் 30 சதவீதத்துக்கும் குறைவு. நல்ல நிலை. இன்னொருவருக்கு மைனஸ் 9, தடிமன் 490. மூடி 110, செதுக்குவது 108, மிஞ்சுவது 272. 250-க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய எல்லை, இப்போது 300 இருந்தால் நல்லது என்கிறார்கள். தொட்ட பகுதியோ 44 சதவீதம். 40-ஐத் தாண்டினால் கருவிழி நாளடைவில் தளர்ந்து முன்னே பிதுங்கும் அபாயம் கூடுகிறது. இந்த இரண்டாமவரிடம் "வேண்டாம்" என்று சொல்லும் டாக்டர் அவருக்கு நல்லதைத்தான் செய்கிறார். அவருக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன.

தடிமன் மட்டும் போதாது. கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுத்து, கூம்புக் கருவிழி நோயின் சிறு அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். அந்த நோய் இருக்கும் கண்ணில் லாசிக் செய்தால் கெடுதலை விரட்டிப் பிடித்துக் கொண்டுவருவதாகும். கண்ணில் ஈரம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதோடு அளவெடுக்க வரக் கூடாது. லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தை மாற்றியிருக்கும். மென்மையான லென்ஸ் என்றால் ஒரு வாரமாவது, கெட்டியான லென்ஸ் என்றால் சில வாரங்களாவது கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

ஆபரேஷன் அன்று என்ன நடக்கும்?

சென்ட், அத்தர், வாசனைத் தைலம் எதுவும் போடாமல் வரச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. வாசனைப் பொருட்களின் ஆவி 193 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், லேசர் கருவியின் கண்ணாடி உறுப்புகளிலும் படியும். தலையில் பூவும் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர் சுவரில் இருக்கும். கருவிழி காய்ந்திருந்தால் லேசர் கூடுதலாகச் செதுக்கும், ஈரமாக இருந்தால் குறைவாகச் செதுக்கும் என்பதால் ஏசியையும் ஈரம் உறிஞ்சும் கருவியையும் வைத்து அறையை ஒரே நிலையில் வைத்திருப்பார்கள். ஐப்பசி அடைமழையிலும் அக்கினி நட்சத்திரத்திலும் அந்த அறைக்குள் ஒரே பருவம்தான்.

ஊசி கிடையாது, சொட்டு மருந்துதான். இமையைத் திறந்து வைக்க ஒரு சின்னக் கம்பி வைப்பார்கள். மூடி வெட்டும்போது அழுத்தம் தெரியும், பார்வை கொஞ்ச நேரம் இருட்டிக்கொண்டு வரும். பிறகு மூடியைத் திருப்பிவிட்டு, மினுங்கும் ஒரு விளக்கைப் பார்க்கச் சொல்வார்கள். லேசர் அடிக்கும்போது டக்டக்கென்று வேகமாகச் சத்தம் கேட்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளி கருவிழி மேல் ஓடி ஓடிச் செதுக்குகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கண் அசைந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கருவியில் இருக்கும் கேமரா கண் பாப்பாவைப் பின்தொடர்ந்தே ஒளியை விடும், அதிகம் அசைந்தால் தானே நின்றுவிடும்.

பிஆர்கே, லாசிக், ஸ்மைல்: எது நல்லது?

மூன்றுக்கும் இடம் உண்டு. பிஆர்கேயில் மூடி கிடையாது. மேல்தோலை நீக்கிவிட்டு எக்சைமரால் செதுக்குவார்கள். மூன்று நான்கு நாள் வலிக்கும், பார்வை தெளியக் கூடுதல் நாளாகும். ஆனால் கருவிழி மெல்லியதாக இருப்பவர்களுக்கும், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள கபடி வீரர்கள் போன்றவர்களுக்கும் அது ஏற்றது. லாசிக்கில் மறுநாளே பார்வை தெளிந்துவிடும். ஸ்மைலில் எக்சைமரே கிடையாது, முழு வேலையும் ஃபெம்டோசெகண்ட் லேசருடையது.

குற்றாலத்தில் எப்போது குளிக்கலாம்?

சீசன் நேரத்தில் இந்தக் கேள்வி வராத நாளில்லை. லாசிக் செய்தவர்கள் ஒரு மாதமாவது அருவிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. மெயின் அருவித் தண்ணீர் தலையில் விழும் வேகம் உங்களுக்குத் தெரியும். மூடி மேலோட்டமாக ஒட்டியிருக்கும் நாட்களில் அந்த அடி வேண்டாம். தாமிரபரணியில் முங்கிக் குளிப்பதையும் அப்படியே தள்ளிப் போடுங்கள். ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் கிருமிதான் காரணம். வீட்டில் குளிக்கும்போதும் முதல் ஒரு வாரம் கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் கழுத்துக்குக் கீழே குளித்தால் போதும்.

ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றில் பைக்கில் போவதென்றால் கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி கட்டாயம். மண் விழுந்தால் கசக்கிவிடாதீர்கள்.

எனக்கு 45 வயது. இப்போது செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் அக்காமார், வீரவநல்லூரில் தறி நெய்கிறவர்கள் எல்லாம் நாள் முழுக்கக் கைக்கு எட்டும் தூரத்தில் வேலை பார்ப்பவர்கள். மைனஸ் 2.5 பவர் உள்ள ஒரு அக்கா தூரத்துக்குக் கண்ணாடி போடுவார், பீடி சுற்ற உட்காரும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார். அவருக்குக் கிட்டத்தில் எல்லாம் பளிச்சென்று தெரியும். அந்தக் கிட்டப்பார்வைதான் அவருக்கு வெள்ளெழுத்திலிருந்து பாதுகாப்பு. எக்சைமரால் அந்த 2.5-ஐ எடுத்துவிட்டால் தூரத்தில் பஸ் போர்டு தெரியும், கையில் இருக்கும் இலை மங்கும். நாளெல்லாம் வேலைக்கு வாசிப்புக் கண்ணாடி போட வேண்டியிருக்கும்.

வெள்ளெழுத்து கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப் போவதால் வருவது. கருவிழியைச் செதுக்கி அதைப் பழையபடி ஆக்க முடியாது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொரு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறை உண்டு. அதை முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 40 தாண்டியவரிடம் இதைச் சொல்லாமல் பணம் கட்டச் சொல்லும் இடத்தில் நிற்காதீர்கள்.

ரயில்வே வேலைக்குப் படிக்கிறேன். செய்துகொள்ளலாமா?

உதவி லோகோ பைலட் வேலைக்கு என்றால் செய்யாதீர்கள். லாசிக் அல்லது பவரைச் சரிசெய்யும் வேறு ஆபரேஷன் செய்தவர்கள் அந்தப் பணிக்குத் தகுதியில்லை என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. கண்ணாடி இருந்தால் கிடைக்காது என்று பயந்து ஆபரேஷன் செய்துகொண்டு, அதனாலேயே வாய்ப்பு போன பையன்களைப் பார்த்திருக்கிறேன். செய்த செதுக்கலைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ராணுவம், விமானப்படை, போலீஸ் ஒவ்வொன்றிலும் விதி வேறு வேறு. அறிவிக்கையின் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கு வகுத்திருக்கும் பொது விலக்கு விதியின்படி 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் செலவை நிறுவனங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆக, பெரும்பாலானவர்களுக்குக் கைக்காசுதான்.

வெண்புள்ளிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்கு அடிக்கும் அதே லேசரா?

குடும்பம் ஒன்று, அலைநீளம் வேறு. தோலுக்குப் பயன்படுவது செனான் குளோரைடு, 308 நானோமீட்டர். இது செதுக்காது. தோலுக்குள் இறங்கி, நிறமி செல்களைத் தாக்கிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களை அடக்கி, மயிர்க்கால்களில் ஒளிந்திருக்கும் நிறமி செல்களைத் தூண்டிவிடும். முதலில் முடியைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக நிறம் திரும்பும், பிறகு அவை ஒன்றுசேரும். வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்தடுத்த நாளில் இல்லாமல், மாதக்கணக்கில் போக வேண்டும். முகத்திலும் கழுத்திலும் நன்றாகப் பலன் தெரியும். விரல் நுனி, பாதம், உதடு போன்ற இடங்கள் பிடிவாதமானவை. அங்கே முடி இல்லை, எனவே சேமிப்பில் இருக்கும் நிறமி செல்லும் இல்லை.

ஒளிப்பெட்டிக்குள் நிற்க வைத்து உடல் முழுக்க 311 நானோமீட்டர் ஒளி கொடுக்கும் முறையும் இருக்கிறது. புள்ளிகள் உடல் முழுக்கப் பரவியிருந்தால் அது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் எக்சைமர். இதில் நல்ல தோலுக்கு ஒளி படாது. 308 வெயிலிலும் இருக்கும் புற ஊதா வகைதான், எனவே அளவு மீறினால் தோல் வெந்துவிடும். கொடுத்த அளவைக் கணக்கு வைத்துக்கொண்டே போவார்கள். இடையில் ஆஸ்பத்திரி மாறினால் அந்தக் கணக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு போங்கள்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் நம் ஊரில் பலருக்குக் கார்போக அரிசி தெரியும். அதை அரைத்துப் பூசி வெயில் காட்டும் பழைய முறையில் அறிவியல் உண்டு. அதில் உள்ள சோரலின் என்னும் பொருள் தோலைப் புற ஊதா ஒளிக்குக் கூர்மைப்படுத்துகிறது. ஆனால் லேசர் எடுக்கும் நாட்களில் டாக்டரிடம் சொல்லாமல் அதையும் பூசினால் கொப்புளம் கிளம்பும். இரண்டில் எது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வெண்புள்ளி தொற்றாது. தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் இதைச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்துவது கொடுமை.

சொரியாசிஸுக்கும் இதுதானா?

ஆமாம், அதே 308. முழங்கை, முழங்கால், தலையில் தடித்துப் போன திட்டுகளுக்கு நன்றாகக் கேட்கும். அமெரிக்காவில் 2000-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. திட்டுகளின் மேல் இருக்கும் செதிலை முதலில் எண்ணெய் போட்டு நீக்கினால்தான் ஒளி உள்ளே போகும்.

இதயத்துக்கும் பயன்படுத்துகிறார்களாமே?

308 நானோமீட்டர் ஒளியை நூல் போன்ற ஒளியிழை வழியாக ரத்தக் குழாய்க்குள் அனுப்பி, பலூன் நுழைய முடியாத கெட்டி அடைப்பைக் கரைக்கும் முறை இருக்கிறது. பழைய பேஸ்மேக்கர் கம்பி தசையோடு ஒட்டிப் போயிருந்தால் அதைச் சுற்றியுள்ள தழும்பை அறுத்து எடுக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் சாதாரண சிகிச்சை அல்ல.

கம்ப்யூட்டர் சிப்புக்கும் இந்த லேசருக்கும் என்ன தொடர்பு?

உலகில் எக்சைமர் லேசருக்கு அதிகப் பிழைப்பு கொடுப்பதே சிப் தொழில்தான்.

சிலிக்கான் வில்லையின் மேல் ஒளிக்கு மாறும் ஒரு ரசாயனத்தைப் பூசி, மின்சுற்றின் வரைபடத்தை அதன் மேல் ஒளியால் சுருக்கிப் பதிப்பார்கள். ஒளியின் அலைநீளம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மெல்லிய கோடு விழும். முன்பு பாதரச விளக்கை வைத்துக்கொண்டிருந்தார்கள். 1982-ல் ஐபிஎம்மில் வேலை செய்த இந்தியரான காந்தி ஜெயின் எக்சைமர் லேசரைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். முதலில் 248 நானோமீட்டர், பின்னர் 193 நானோமீட்டர் வந்தன. அதற்கும் கீழே போக முடியாமல் நின்றபோது லென்ஸுக்கும் வில்லைக்கும் நடுவே தண்ணீரை நிரப்பினார்கள். 193 நானோமீட்டர் ஒளிக்குத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.44. அதனால் அலைநீளம் 134 போலச் சுருங்கிவிடுகிறது. அப்படி ஒரே பதிவில் 38 நானோமீட்டர் அளவு மெல்லிய கோடு வரை போடலாம். மிக நவீன சிப்புகளின் நுண்ணிய அடுக்குகளுக்கு இப்போது 13.5 நானோமீட்டர் ஒளி வந்துவிட்டது, அது எக்சைமர் அல்ல. அந்தச் சிப்பிலும் மற்றப் பல அடுக்குகள் இன்னும் 193-ல்தான் பதிகின்றன.

இந்த லேசர்கள் விநாடிக்கு 6,000 முறை துடிக்கும். உள்ளே இருக்கும் வாயுவில் 95 சதவீதத்துக்கு மேல் நியான். ஆர்கானும் ஃபுளூரினும் கொஞ்சம்தான். இரும்பு ஆலைகளுக்கு ஆக்சிஜன் பிரிக்கும்போது கிடைக்கும் உபரிப் பொருள் நியான். சிப்புக்கு ஏற்ற தூய்மையில் உலகத்துக்கு வேண்டிய நியானில் ஏறத்தாழ பாதியை உக்ரைனின் மரியுபோலும் ஒடேசாவும் கொடுத்துக்கொண்டிருந்தன. 2022-ல் போர் மூண்டபோது சிப் தொழில் ஏன் பதறியது என்பது இதிலிருந்து புரியும்.

செல்போன் திரையில் இதற்கு என்ன வேலை?

நல்ல திரைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். அதற்கான சிலிக்கான் படலத்தைக் கண்ணாடி மேல் படியவைக்கும்போது அது ஒழுங்கற்ற நிலையில்தான் படியும், மின்சாரம் அதில் மெதுவாக ஓடும். உருக்கிப் படிகமாக்கினால் நூறு மடங்கு வேகம் கிடைக்கும். ஆனால் அந்தச் சூட்டைக் கண்ணாடி தாங்காது. 308 நானோமீட்டர் ஒளியை நீளமான கோடாக மாற்றிப் படலத்தின் மேல் ஓட்டினால், மேலே சுமார் 50 நானோமீட்டர் சிலிக்கான் மட்டும் கண நேரம் உருகி உறையும், அடியில் கண்ணாடி அப்படியே இருக்கும். கண்ணில் பார்த்த அதே குணம்தான்: மேற்பரப்போடு வேலையை முடித்துக்கொள்வது.

வேறு தொழில்களில்?

இங்க்ஜெட் பிரிண்டரின் துளைகளைப் பிளாஸ்டிக்கில் போடுவது, 248 நானோமீட்டர் ஒளியால் ஒளியிழைக்குள் நுண்ணிய வரிகளைப் பதிப்பது எனப் பல உண்டு. வரி பதித்த அந்த இழை வளைவையும் வெப்பத்தையும் அளக்கும் உணரியாகிறது. காற்றாலை இறக்கைகளுக்குள் அதைப் பதித்து இழுவிசையைக் கண்காணிக்கும் முறையும் இருக்கிறது. 1987-ல் இயற்பியலாளர் வெங்கடேசனும் உடன் வேலை செய்தவர்களும் எக்சைமர் துடிப்பால், மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் மீக்கடத்திப் பொருளை ஆவியாக்கி மெல்லிய படலமாகப் படியவைத்துக் காட்டினார்கள். அந்த முறை இன்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது.

ஃபுளூரின் விஷவாயு அல்லவா? ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது ஆபத்தில்லையா?

விஷம்தான். அதனால்தான் கலவையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே வைத்து, மந்த வாயுவோடு முன்கூட்டியே கலந்த சிலிண்டராக வாங்குகிறார்கள். சிலிண்டர் கருவிக்குள் மூடிய அறையில் இருக்கும். பழைய வாயுவை வெளியேற்றும்போது ஃபுளூரினைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி வழியாகத்தான் போகும். மின்பொறி ஒவ்வொன்றிலும் ஃபுளூரின் கொஞ்சம் கொஞ்சமாக உலோகத்தோடு சேர்ந்து குறைந்துகொண்டே வரும். அதனால் குறித்த காலத்தில் வாயுவை மாற்ற வேண்டும். சிகிச்சைக்கு முன் ஒரு சோதனைப் பொருளின் மேல் லேசரை அடித்து ஆற்றல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் வேலைக்குப் போக என்ன படிக்கலாம்?

கண் பக்கம் என்றால் ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு. கருவிப் பக்கம் என்றால் பயோமெடிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இயற்பியல் மூன்றில் எதிலிருந்தும் வரலாம். சிப் பக்கம் போக நினைப்பவர்கள் ஒளியியலையும் வெற்றிடத் தொழில்நுட்பத்தையும் ஆழமாகப் படியுங்கள். மொகாலியில் 180 நானோமீட்டர் சிப் செய்யும் அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது. குஜராத்தின் தொலேராவில் 28 நானோமீட்டர் வரை செய்யும் ஆலைக்கு 2024-ல் ஒப்புதல் கிடைத்தது. அந்த அளவுக்கு 193 நானோமீட்டர் எக்சைமர் இல்லாமல் முடியாது. நேர்முகத்தில் நீங்கள் பயன்படுத்திக்கொள்ள ஒரு விஷயம்: 193 நானோமீட்டர் ஒளியைச் சாதாரணக் கண்ணாடி விழுங்கிவிடும், அதனால் அங்கே உயர்தூய்மைக் குவார்ட்ஸும் கால்சியம் ஃபுளூரைடு படிகமும்தான் லென்ஸ். ஏன் என்று கேட்டால் 6.4 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள்.